இலை கறுக்குது, காய் எங்கே? யூரியாவை அளந்து போடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னால் பெரிய மின்கம்பிகள் ஓடும் நிலம் நீளமாகக் கிடக்கிறது. எஸ்டேட் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் அங்கே ஆளுக்கு நாலு பாத்தி, ஆறு பாத்தி போட்டு மிளகாய், வெண்டை, கத்தரி, பயற்றங்காய், கங்கோங் கீரை என்று நட்டிருக்கிறோம். புதிதாக வந்து சேர்கிறவர்கள் கொஞ்ச நாளில் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, செடி கருகருன்னு வந்திருக்கு, ஏன் காய்க்க மாட்டேங்குது?” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “யூரியா எத்தனை தடவ போட்டீங்க?”

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நேரான பதில் வராது. “ஒரு கைப்பிடிதான் போட்டேன்” என்பார்கள். எத்தனை நாளைக்கு ஒரு கைப்பிடி, எத்தனை செடிக்கு, அடியில் கோழிச்சாணி எவ்வளவு என்று தோண்டிக் கேட்டால்தான் கணக்கு வெளியே வரும். முதன்முதலாக மண்ணில் கை வைப்பவர்கள் உரச் சாக்கைப் பிரிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன். பையில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பிச் சொட்டுக் குழாயில் உரநீர் விடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. இது மண்ணில் நடுகிறவர்களுக்கு.

என் முதல் மிளகாய்ப் பாத்தி

1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். மொத்தம் 10 சதுர மீட்டர். நடுவதற்கு முன் 20 கிலோ கோழிச்சாண உருண்டை கலந்தேன். நட்டபின் 15-15-15 உரம் 1 கிலோ. அதோடு விட்டிருந்தாலே அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் யூரியா ஏறக்குறைய 100 கிராம் என்று ஆறு வாரம் தூவினேன். செடி இடுப்புக்கு வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கறுத்த பச்சை. பார்க்கிறவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். என் அம்மா மட்டும் புகழவில்லை. முப்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர், அதில் பல வருடம் உரம் போடும் கும்பலில் இருந்தவர். ஒரு கிளையை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு, “தண்ணி மாதிரி இருக்குடா தம்பி. இது நிக்காது” என்றார்.

நிற்கவில்லை. பூத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. தளிர்களின் அடியில் அசுவினி அப்பியது, அதற்குப் பின்னாலேயே இலைப்பேன், அப்புறம் இலைச் சுருட்டை. ஒரு மழைக்காற்றில் பாதிச் செடிகள் சாய்ந்தன. அறுவடை என்று சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோழிச்சாணத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 3 விழுக்காடு என்று வைத்தால் 20 கிலோவில் 600 கிராம். அதில் பாதிதான் முதல் பருவத்தில் செடிக்குக் கிடைக்கும், ஆக 300. 15-15-15 உரம் 1 கிலோவில் 150. யூரியா 600 கிராமில் 276. கூட்டினால் 726 கிராம். அந்தப் பாத்திக்கு ஒரு பருவம் முழுமைக்கும் 150 கிராமே தாராளம். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கொட்டியிருக்கிறேன். அத்தனையும் செடியின் மேல் இருந்த அக்கறையில் செய்தது. அதனால்தான் இதை எழுதும்போது யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

முதல் வேலை: சாக்கில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

நைட்ரஜனுக்குத் தமிழில் தழைச்சத்து என்று பெயர் வைத்தவர் யாரோ, அதன் வேலையையே பெயராக வைத்துவிட்டார். அது தழையை வளர்க்கும். பூவும் காயும் வேரும் வேண்டுமென்றால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடவே வர வேண்டும். சாக்கில் வரிசையாக அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள் இந்த மூன்றின் விழுக்காடுதான், அதே வரிசையில். 15-15-15 என்றால் மூன்றும் சமம். நம் கடைகளில் பச்சை உரம் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதுதான். நீல உரம் என்பது 12-12-17, கூடவே 2 விழுக்காடு மக்னீசியம். பூ, காய்க் காலத்துக்கு அது ஏற்றது.

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. அதாவது 50 கிலோ சாக்கில் 23 கிலோ. தோட்டத்துக்காரர்கள் எஸ்.ஓ.ஏ. என்று சொல்லும் அமோனியம் சல்பேட்டில் 21 விழுக்காடு, சாக்குக்கு 10.5 கிலோ. பச்சை உரச் சாக்கில் 7.5 கிலோ. மூன்றும் ஒரே கனமான சாக்கு, உள்ளே இருக்கும் தழைச்சத்தோ மூன்று மடங்கு வரை வேறுபடுகிறது. எஸ்.ஓ.ஏ. போட்டுப் பழகிய கை அதே கைப்பிடியில் யூரியாவை அள்ளினால் இரண்டு மடங்குக்கும் மேல் விழும். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான் என்பது நான் பார்த்தவரையில் உண்மை.

யூரியா நமக்கு அந்நியமான பொருளும் அல்ல. பக்கத்து ஊரான குரூணில் 1999 முதல் இயற்கை எரிவாயுவிலிருந்து யூரியா செய்யும் ஆலை இருக்கிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வழியை ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் செய்து காட்டினார். 1913இல் அது ஆலையாகவே ஓடத் தொடங்கியது. அந்த வழி இல்லாவிட்டால் உலகத்தில் இன்றைக்கு இத்தனை பேருக்குச் சோறு இல்லை. ஆகவே யூரியாவை விஷம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அளவு தாண்டியதுதான் கெடுதல்.

இரண்டாவது: ஏற்கெனவே போட்டதைக் கணக்கில் சேருங்கள்

மிளகாய், கத்தரி, வெண்டைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிராம் தழைச்சத்து ஒரு பருவத்துக்குப் போதும். 10 சதுர மீட்டர் பாத்திக்கு 120 முதல் 150 கிராம். யூரியா மட்டுமே போடுவதானால் 260 முதல் 325 கிராம், அதுவும் நாலைந்து தடவையாகப் பிரித்து, முழுப் பருவத்துக்கும். பச்சை உரம் மட்டுமே என்றால் 800 கிராம் முதல் 1 கிலோ.

இனிமேல்தான் முக்கியமானது. அந்தப் பாத்திக்கு 10 கிலோ கோழிச்சாண உருண்டை கலந்திருந்தால் அதிலிருந்து கிடைக்கும் 150 கிராமோடு கணக்கு முடிந்தது. யூரியா ஒரு மணிகூடத் தேவையில்லை. கோழிச்சாணியை “இயற்கை உரம்தானே” என்று எண்ணிக் கணக்கில் விடுபவர்கள்தான் அதிகம். செடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சாணியிலிருந்து வந்தாலும் சாக்கிலிருந்து வந்தாலும் வேர் உறிஞ்சுவது ஒரே பொருளைத்தான். மட்காத தாஹி ஆயாமை, அதாவது கோழி எச்சத்தை, பச்சையாகக் கொண்டுவந்து வேரடியில் கொட்டினால் அது யூரியாவைப் போலவே சுடவும் சுடும்.

மாட்டுச்சாணி வேறு கதை. அதில் தழைச்சத்து குறைவு, மெதுவாகத்தான் வெளிவரும். அதை நீங்கள் கொஞ்சம் தாராளமாகவே போடலாம்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி எண், தேதி, என்ன உரம், எத்தனை கிராம். வேறு ஒன்றும் வேண்டாம்.

மூன்றாவது: கைப்பிடியை மறந்துவிடுங்கள்

தோட்டத்தில் உரம் போடும் பெண்களுக்கு அளவு மங்கு கொடுத்திருப்பார்கள். ஒரு மரத்துக்கு இத்தனை மங்கு என்று கணக்கு. அந்த ஒழுங்கு வீட்டுப் பாத்திக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறது. வீட்டுத் தராசில் ஒரு டின்னை வைத்து, அதில் எந்தக் கோடு வரை நிரப்பினால் 50 கிராம் யூரியா என்று நிறுத்துப் பார்த்து மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். பச்சை உரத்துக்கு வேறு டின், வேறு கோடு. யூரியா எடை குறைந்த மணி. ஒரே டின் நிறைய இரண்டையும் அள்ளினால் எடை ஒன்றாக இருக்காது.

தண்ணீரில் கரைத்து ஊற்றுவதானால் 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் யூரியாவைத் தாண்டாதீர்கள். நாற்றுக்கு அதில் பாதி.

நான்காவது: வானத்தைப் பார்த்துப் போடுங்கள்

யூரியா மண்ணில் விழுந்ததும் என்ன ஆகிறது என்று தெரிந்தால் இந்தப் படி தானாகவே புரியும். மண்ணில் இருக்கும் ஒரு நொதி அதைச் சில நாள்களில் உடைத்து அமோனியமாக மாற்றும். மண்ணின் மேலேயே கிடந்தால் அந்த அமோனியத்தில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். வெயில் சுட்டு, மேல்மண் லேசாக ஈரமாக இருக்கும் நாளில் கால் பங்குக்கும் மேலே போகக்கூடும். மண்ணுக்குள் தங்கிய மிச்சத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மண் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளாது, தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். நம் ஊர் மழையில் அது நடக்க ஒரு இரவு போதும்.

கடாரத்து (கெடா) பக்கம் பருவம் தெளிவாகத் தெரியும். தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் மண் வெடித்துக் கிடக்கும். அப்போது காய்ந்த மண் மேல் யூரியா தூவினால் வீண், வேரையும் சுடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜெராய் மலையில் மேகம் இறங்கி உட்கார்ந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும். அப்போது போட்டால் சாக்கடைக்குத்தான் உரம். இரண்டுக்கும் நடுவில், முந்தின நாள் மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் சாயங்காலமாகப் பாருங்கள். செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு விரல் ஆழத்தில் கீறி, உரத்தைப் போட்டு மண்ணை மூடி, லேசாகத் தண்ணீர் விடுங்கள். இலை மேல் ஒரு மணிகூட நிற்கக் கூடாது, நின்ற இடத்தில் ஓட்டை விழும்.

அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ யூரியாவோடும் எஸ்.ஓ.ஏ.யோடும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்தால் உங்கள் காசு அம்மோனியாவாகப் பறக்கிறது என்று அர்த்தம். இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

ஐந்தாவது: செடியைப் படிக்கப் பழகுங்கள்

இதற்குத்தான் நாள் எடுக்கும். அவசரப்படாதீர்கள்.

உரம் திடீரென்று அதிகமானால் முதலில் இலை நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பாகும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி நிற்கும். மண்ணில் உப்பு கூடி, வேரிலிருந்து தண்ணீரைத் திருப்பி இழுப்பதால் வருவது அது. அதைத் தண்ணீர்க் குறை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் உரநீர் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நாள் அதிகமானால் அடையாளம் வேறு. இலை அளவுக்கு மீறிப் பெருத்துக் கறுக்கும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், தண்டு நீர் கோத்து முறியும். பூப்பது தள்ளிப்போகும். வந்த பூவும் உதிரும். தக்காளியிலும் மிளகாயிலும் காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால், அமோனியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் போயிருக்கலாம். தண்ணீரை ஒழுங்கில்லாமல் விட்டாலும் இது வரும், ஆகவே இரண்டையும் பாருங்கள்.

பூச்சி ஏன் வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. தழைச்சத்து மிகுந்த இலையின் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடுதல், இலைத் தோலும் மெல்லிசு. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அது விருந்து, அவை வேகமாகப் பெருகும். அப்புறம் மருந்தடிக்கச் செலவு. யூரியாவில் தொடங்கிய செலவு மருந்துக் கடையில் போய் நிற்கும். பெண்டாங்கில் (நெல் வயலில்) நெல் போடும் உறவினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். யூரியா மிஞ்சிய வயலில்தான் புகையானும் குலை நோயும் முதலில் இறங்கும், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் படுத்துவிடும்.

மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவைத் தேடாதீர்கள். இது மிக அவசியம். அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்து மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடையில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறை. நுனித் தளிரில் நரம்புக்கிடையே வெளுத்தால் இரும்புச் சத்தைப் பாருங்கள். மொத்தச் செடியும் மஞ்சளாகி மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சு விட முடியாமல் கிடக்கிறது, வடிகாலை வெட்டுங்கள். இந்த ஐந்தில் முதல் ஒன்றுக்குத்தான் யூரியா மருந்து.

செடிக்குச் செடி

பயற்றங்காய்க்கு யூரியா கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். யூரியா போட்டால் செடி அந்த வேலையையே நிறுத்திவிடும், முடிச்சு உருவாகாது. கொடி மட்டும் ஏறும், காய் வராது. ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் இளங்கன்றுகளுக்கு இடையே தரையை மூடிப் படர விடுவார்களே அந்த அவரைக் கொடி, அதுவும் இந்த வேலையைத்தான் செய்தது. சிறு வயதில் அந்தக் கொடிக்குள் பாம்பு இருக்கும் என்று பயந்து ஓடிய எங்களுக்கு அது உரத் தொழிற்சாலை என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முருங்கைக்கும் யூரியா போட்டால் கீரைதான் கிடைக்கும், காய்க்காது. கறிவேப்பிலையும் கீரைகளும் இலைக்காகவே வளர்ப்பவை என்பதால் தழைச்சத்தைத் தாங்கும், ஆனால் அங்கே வேறு ஒரு ஆபத்து. தண்டுக்கீரை, சாவி (கடுகுக் கீரை வகை), கங்கோங் போன்றவை மிஞ்சிய நைட்ரேட்டை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3.7 மில்லிகிராம் நைட்ரேட் வரை பாதகமில்லை என்பது உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் வைத்திருக்கும் வரம்பு. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறவர்களும் வீட்டுக்குப் பறிக்கிறவர்களும் பறிப்பதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே உரத்தை நிறுத்திவிடுங்கள். மேகம் மூடிய காலையில் பறிப்பதைவிட நல்ல வெயில் பட்ட மாலையில் பறித்த கீரையில் நைட்ரேட் குறைவு. மிஞ்சிப் போட்டுவிட்ட கீரை என்று தெரிந்தால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அந்தக் கீரை பறித்த அன்றே அழுகத் தொடங்குவதையும் பார்ப்பீர்கள். வியாபாரத்துக்கு அதுவே பெரிய நட்டம்.

வாழைக்கு மிஞ்சினால் மரம் உயரும், தார் தாங்காமல் சாயும்.

இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு

ஏக்கருக்கு 55 முதல் 60 மரம். ஆள் கூலி மிச்சம் என்று வருடத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டுகிறார்கள். மழை அதைக் கொண்டுபோகும். இரண்டு, மூன்று சுற்றாகப் பிரியுங்கள். காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு 4 கிலோ எஸ்.ஓ.ஏ. போட்டால் அதிலேயே 840 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அதற்கு இணையாகச் சாம்பல்சத்துள்ள சிவப்பு உரமான எம்.ஓ.பி. போகவில்லை என்றால் பழக்குலை எடை ஏறாது. ஓலை பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இளம் மரத்தில் சிற்றிலையின் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடினால், தழைச்சத்து மிஞ்சிச் சாம்பல்சத்து பின்தங்கியதற்கு அது ஒரு அடையாளம். அப்போது யூரியாவை நிறுத்துங்கள். பால்மரக் கன்றுகளிலோ மேல்தலை கனத்து, காற்றடித்தால் நடுவில் முறியும்.

அதிகம் போட்டுவிட்டீர்களா?

பதற வேண்டாம். அன்றைக்கே தெரிந்தால் மேலே கிடக்கும் மணிகளை மண்ணோடு வழித்து அள்ளிவிடுங்கள். அள்ளியதைச் சாக்கடையில் போடாமல், உரம் காணாத வேறு நிலத்தில் மெல்லியதாகத் தூவலாம். பூச்சட்டியாக இருந்தால் சட்டியின் கொள்ளளவைப் போல மூன்று, நான்கு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். பாத்தியில் அப்படி வெள்ளம் விட்டால் உரம் வாய்க்காலுக்குப் போய்விடும், அங்கே வேறு வழி பார்க்க வேண்டும்.

காய்ந்த வைக்கோல், மரத்தூள், உமி எது கிடைத்தாலும் மேல்மண்ணில் கலந்து விடுங்கள். அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், மிஞ்சியதை அவை தின்று தம் உடலில் வைத்துக்கொள்ளும், பிறகு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். மரத்தூளைச் சும்மா கொண்டுவந்து போட்டால் செடி மஞ்சளாகும் என்று பெரியவர்கள் தடுப்பார்களே, அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது. நான் முதல் மிளகாயைப் பிடுங்கி எறிந்த பாத்தியில் சோளம் போட்டேன். சோளம் பெருந்தீனிக்காரன். கதிரும் கிடைத்தது, மண்ணும் தணிந்தது.

இரண்டு, மூன்று வாரத்துக்கு எந்த உரமும் வேண்டாம். “சமப்படுத்த” என்று சாம்பல்சத்தை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம், உப்பு இன்னும் கூடும். செடியைக் கடுமையாகக் கவாத்து செய்யவும் வேண்டாம், வெட்டினால் மறுபடியும் மெல்லிய தளிரையே தள்ளும். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி குறையும்.

மாடு, ஆடு, கிணறு

பொங்கலுக்கு மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். யூரியா மாட்டுக்கும் ஆட்டுக்கும் விஷம். சாக்கை நக்கினாலோ, கரைத்த வாளியில் வாய் வைத்தாலோ, இரைப்பையில் அம்மோனியா பெருகி அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, வாய் நுரை தள்ளி, உடல் நடுங்கி விழும். உரம் வந்த சாக்கில் புல் அறுத்துக்கொண்டு வராதீர்கள். அப்படி ஏதாவது ஆனால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். உரம் மிஞ்சிய பாத்தி ஓரத்துப் புல்லிலும் நைட்ரேட் ஏறியிருக்கும். உரம் போட்ட மூன்று, நான்கு வாரத்துக்கு அந்தப் புல்லை அறுக்க வேண்டாம்.

பழைய கம்போங் (கிராமத்து) வீடுகளில் இன்னும் கிணறு இருக்கிறது. பாத்தியிலிருந்து இறங்கும் நைட்ரேட் அங்கேயும் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கினால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாயும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் உரம் போடாதீர்கள். வாய்க்கால் வழி போவதெல்லாம் மெர்போக் ஆற்றுக்குப் போகிறது, அங்கே அலையாத்திக் காடு, மீன், இறால். நம் பாத்தியின் உரம் அங்கே பாசியை வளர்க்கும்.

மண் புளித்துவிட்டதா என்று பாருங்கள்

பல வருடம் யூரியாவும் எஸ்.ஓ.ஏ.யும் விழுந்த மண் அமிலமாகிவிடும். அமோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிவருவதே காரணம். எஸ்.ஓ.ஏ. வழியே 1 கிலோ தழைச்சத்துப் போட்டால் அந்தப் புளிப்பைத் தணிக்க 5 கிலோவுக்கும் மேல் சுண்ணாம்புக் கல் தூள் வேண்டும். யூரியாவுக்கு 2 கிலோவுக்குள். நம் செம்மண் இயல்பிலேயே புளிப்பு. புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 5க்குக் கீழே இறங்கினால் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், வேர் தடித்துக் குட்டையாக நிற்கும். அப்படிப்பட்ட மண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் செடி எடுக்காது. எடுக்கவில்லையே என்று இன்னும் போடுவோம். இந்தச் சுழலில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கடையில் கிடைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளை ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை, நடுவதற்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு முன் மண்ணில் கலக்கலாம். அதில் மக்னீசியமும் இருப்பதால் இரட்டை நன்மை. ஆனால் முதலில் மண்ணைச் சோதியுங்கள். நிலம் நெடுக ஐந்தாறு இடத்தில், உரம் விழுந்த கோட்டைத் தவிர்த்து, ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் குத்தி எடுங்கள். கல், வேர் நீக்கி ஒரு சுத்தமான வாளியில் கலந்து, அதிலிருந்து அரை கிலோவை எடுத்து நிழலில் காய வையுங்கள். உரச் சாக்கில் காய வைக்காதீர்கள், முடிவே மாறிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி, பாத்தி எண்ணும் தேதியும் கடைசியாக எப்போது என்ன உரம் போட்டீர்கள் என்பதும் எழுதி ஒட்டி, மாவட்ட விவசாய அலுவலகத்தில் விசாரியுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.